நிஃப்டி ஏறுகிறது, கூட எத்தனை பங்கு ஏறுகிறது?

எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, நிஃப்டி புது உச்சம்னு டிவியில கத்துறாங்க. என் டீமேட் கணக்குல பதினோரு பங்கு இருக்கு, எட்டு சிவப்பு. இந்த ஏற்றம் நிஜமா? மார்க்கெட் பிரெட்த் பார்த்தா தெரியும்னு சொல்றாங்களே, அதை எப்படிப் பார்க்கிறது?"

பார்த்தால் தெரியும், தம்பி. ஆனால் எல்லாமே தெரிந்துவிடாது. எது தெரியும், எது தெரியாது என்று புரியாமல் நானே இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நிஃப்டி என்பது தேசியப் பங்குச்சந்தையான என்எஸ்இ-யில் ஐம்பது பெரிய கம்பெனிகளின் குறியீடு. பிரெட்த் என்றால் அகலம். ஏற்றத்தில் எத்தனை பங்குகள் கலந்துகொள்கின்றன என்கிற தலை எண்ணிக்கை, அவ்வளவுதான். நம்ம ஏரியாவை வைத்தே பார்க்கலாம். தண்டையார்பேட்டையிலிருந்து வண்டியை எடுத்து வடக்கே விடுங்கள். திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்.; 1946-ல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து தொடங்கிய கம்பெனி. அதே ஊரில்தான் ராயல் என்ஃபீல்டின் பழைய ஆலை, கார்போரண்டம் யுனிவர்சல். இன்னும் மேலே எண்ணூரில் அசோக் லேலண்ட். இடது பக்கம் மணலிக்குத் திரும்பினால் சென்னை பெட்ரோலியம், மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், தமிழ்நாடு பெட்ரோப்ராடக்ட்ஸ், மணலி பெட்ரோகெமிக்கல்ஸ். எல்லாமே பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனிகள், கண்டெய்னர் லாரி வழிவிட்டால் அரை நாளில் சுற்றி வந்துவிடலாம். இதில் நிஃப்டி 50-க்குள் இருப்பது ஒன்றே ஒன்று: ராயல் என்ஃபீல்டின் தாய்க் கம்பெனி ஐஷர் மோட்டார்ஸ். 2023 ஜூனில் ஒரு பங்கு லட்ச ரூபாயைத் தாண்டிய எம்.ஆர்.எஃப். கூட வெளியேதான் நிற்கிறது. பங்கு விலை எவ்வளவு என்பதற்கு அங்கே மதிப்பில்லை. சந்தையில் புழங்கும் பங்குகளின் மொத்த மதிப்பு எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் எடை. ஆக, இந்த ரோட்டில் ஏழு கம்பெனி விழுந்து ஐஷர் மட்டும் ஏறினாலும் நிஃப்டிக்கு அது நல்ல நாள்தான்.

நிஃப்டிக்கு உள்ளேயும் இதே கதைதான். எச்டிஎஃப்சி பேங்க், ஐசிஐசிஐ பேங்க், ரிலையன்ஸ் மூன்றும் சேர்ந்தாலே எடையில் ஏறத்தாழ 30 சதவீதம். மிச்சம் 47 கம்பெனிக்கும் சேர்த்து 70. ஒரு நாள் அந்த மூன்றும் 2 சதவீதம் ஏறுகின்றன, மற்ற 47-ம் சராசரியாக அரை சதவீதம் இறங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் கொடுத்தது 0.6. மற்றவர்கள் எடுத்தது 0.35. நிகரமாக 0.25 சதவீத ஏற்றம். நிஃப்டி 25,000-ல் இருந்தால் 62 புள்ளி. டிவியில் பச்சை அம்பு, ஆனால் ஐம்பதில் நாற்பத்தேழு சிவப்பு. உங்கள் டீமேட் அந்த நாற்பத்தேழு பக்கம் இருந்தால் உங்களுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

இந்தத் தலை எண்ணிக்கையை ஓடும் கணக்காக எழுதிவைப்பதுதான் அட்வான்ஸ்-டிக்ளைன் லைன். அமெரிக்காவில் லியோனார்ட் ஏயர்ஸ் என்பவர் 1920-களிலேயே இதைப் போட்டுப் பார்த்திருக்கிறார். கணக்கு நம்ம கடைக் கல்லாவைவிடச் சுலபம். நிஃப்டி 500-ல் (ஐநூறு கம்பெனிகளின் குறியீடு) திங்கட்கிழமை 320 பங்கு ஏறி 175 இறங்கினால் கூட்டல் 145. செவ்வாய் 210 ஏறி 285 இறங்கினால் கழித்தல் 75, மிச்சம் 70. புதன் 260-க்கு 230 என்றால் 30 கூடி 100. இப்படியே தினமும் முந்தின நாள் மிச்சத்தோடு கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். மிச்சம் எவ்வளவு என்பதில் ஒன்றுமில்லை. நீங்கள் எந்தத் தேதியில் ஆரம்பித்தீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். கோடு எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பாருங்கள். நிஃப்டி புது உச்சம் போகும்போது இந்தக் கோடும் தன் பழைய உச்சத்தைத் தாண்டினால் படையோடு போகிறது. தாண்டவில்லை என்றால் தளபதிகள் மட்டும் முன்னே போய்விட்டார்கள்.

1972-ல் அமெரிக்காவில் இது பாடப்புத்தகம் போல நடந்தது. பெயர்ப் பொருத்தம் பாருங்கள், அங்கேயும் அப்போது 'நிஃப்டி ஃபிஃப்டி' என்று ஒரு கூட்டம்: ஜெராக்ஸ், போலராய்ட், ஐபிஎம் மாதிரியான பெரிய கம்பெனிகள், என்ன விலைக்கு வாங்கினாலும் தப்பில்லை என்று ஜனங்கள் நம்பியவை. அங்கத்திய டவ் ஜோன்ஸ் குறியீடு ஏறிக்கொண்டே போய் 1973 ஜனவரியில் 1,051-ஐத் தொட்டது. அதற்கு முந்தைய ஆண்டின் பெரும்பகுதி அட்வான்ஸ்-டிக்ளைன் கோடு கீழே போய்க்கொண்டிருந்தது. 1974 டிசம்பரில் டவ் 577. அதே மாதிரி 2000 மார்ச்சில் எஸ் அண்ட் பி 500 குறியீடு உச்சிக்குப் போனபோது நியூயார்க் சந்தையின் கோடு 1998 ஏப்ரலிலேயே உச்சி பார்த்துத் திரும்பியிருந்தது.

இந்த இரண்டாவது உதாரணத்தில் ஒரு இடத்தில் நிறுத்திப் படியுங்கள். 1998 ஏப்ரலிலிருந்து 2000 மார்ச் வரை கிட்டத்தட்ட இரண்டு வருஷம். 1998-லேயே "அகலம் போச்சு" என்று விற்றுவிட்டு உட்கார்ந்தவன் இரண்டு வருஷம் பக்கத்து வீட்டுக்காரன் சம்பாதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். எனக்கும் அதுதான் நடந்தது. அதற்கு முன்னால் முதல் அடியைச் சொல்லிவிடுகிறேன்.

2018 ஜனவரியில் மிட்கேப் (நடுத்தரக் கம்பெனிகள்), ஸ்மால்கேப் (சின்னக் கம்பெனிகள்) குறியீடுகள் உச்சத்தில் இருந்தன. பிப்ரவரி பட்ஜெட்டில் நீண்டகால மூலதன லாபத்துக்கு 10 சதவீத வரி வந்தது. 2017 அக்டோபரில் சந்தையைக் கண்காணிக்கும் செபி போட்ட உத்தரவுப்படி மியூச்சுவல் ஃபண்டுகள் முதல் 100 கம்பெனி லார்ஜ்கேப், அடுத்த 150 மிட்கேப், 251-லிருந்து ஸ்மால்கேப் என்று தங்கள் பைகளைப் பிரித்து அடுக்கவேண்டி வந்தது. சின்னப் பங்குகள் சத்தமில்லாமல் கரைய ஆரம்பித்தன. நிஃப்டியோ ஆகஸ்ட் கடைசியில் 11,700-ஐத் தாண்டிப் புது உச்சம். நான் நிஃப்டியைப் பார்த்தேன். "மார்க்கெட் நல்லாத்தான் இருக்கு, நம்மது கொஞ்சம் லேட்டா வரும்" என்று கையில் இருந்த ஸ்மால்கேப்புகளை ஒவ்வொரு இறக்கத்திலும் கூட வாங்கி ஆவரேஜ் பண்ணினேன். செப்டம்பரில் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. அதற்குப் பிறகு ஆவரேஜ் பண்ணவும் காசில்லை. 2019 ஆகஸ்டில் ஸ்மால்கேப் 100 தன் 2018 ஜனவரி உச்சத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தது. பழைய உச்சத்தைத் திரும்பத் தாண்ட அதற்கு 2021 ஆனது.

அந்த ஐஎல் அண்ட் எஃப்எஸ் சமயத்திலேயே, அகலத்தைத் தினமும் எழுதிவைக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கினேன். சொல்லப்போனால் இது எனக்குப் பழைய பழக்கம்தான். செகண்ட் லைன் பீச்சில் மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் நடந்துகொண்டிருந்த காலத்தில் மறுநாள் பேப்பரில் பொடி எழுத்தில் வரும் விலைப் பட்டியலைப் பென்சிலால் டிக் அடித்து எண்ணுவேன். அந்த எக்ஸ்சேஞ்ச் 2015-ல் செபியிடம் அனுமதி வாங்கி மூடிக்கொண்டது. இப்போது எண்ணவே வேண்டாம், என்எஸ்இ தளத்தில் நிஃப்டி 500 பக்கத்தைத் திறந்தால் ஏறியது எத்தனை, இறங்கியது எத்தனை என்று அவர்களே போட்டுவிடுகிறார்கள். சந்தை மூன்றரைக்கு முடியும். கடைக்கு மாலைக் கூட்டம் வருவதற்கு முன் ஐந்து நிமிஷம் போதும்.

சரி, இரண்டாவது அடி. நோட்டு சொன்னதை அப்படியே நம்பி 2019 பிப்ரவரியில், நிஃப்டி 10,700 பக்கம் இருந்தபோது, கையில் இருந்த பெரிய வங்கிப் பங்குகளை விற்றேன். மே 23, தேர்தல் முடிவு நாளில் நிஃப்டி முதல்முறையாக 12,000-ஐத் தொட்டது. செப்டம்பரில் திரும்ப அதே 10,700-க்கு வந்து நின்றது. தெய்வமே கொண்டுவந்து கொடுத்த மாதிரி. நோட்டைத் திறந்தால் அகலம் முன்னைவிட மோசம். வாங்கவில்லை. செப்டம்பர் 20 வெள்ளிக்கிழமை காலை தங்கசாலை மணிக்கூண்டு பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். நிதியமைச்சர் கோவாவில் கார்ப்பரேட் வரியைக் குறைத்து அறிவித்தார். போனில் நிஃப்டி ஏறிய வேகத்தில் டீ ஆறியது தெரியவில்லை. அன்று ஒரே நாளில் 569 புள்ளி. அடுத்த ஜனவரியில் 12,400-ஐயும் தாண்டியது. ஸ்மால்கேப் அப்போதும் தரையில்தான் கிடந்தது. அகலம் இல்லை என்று நோட்டு சொன்னது உண்மை. அதை வைத்துப் பெரிய பங்கை விற்றது என் தப்பு. அந்த ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்ததே அவைதான்.

பிறகு 2020 மார்ச்சில் எல்லாம் விழுந்தபோது "பார்த்தியா, நோட்டு முன்னாலேயே சொல்லிச்சு" என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசையாக இருந்தது. கொரோனாவை எந்த நோட்டும் சொல்லவில்லை. மெலிந்த சந்தைக்கு அடி பட்டால் தாங்காது என்பது வரைதான் அது சொல்லும். அடி எப்போது விழும் என்று அதற்குத் தெரியாது.

இதிலிருந்து நான் வந்து சேர்ந்த கணக்கு: அகலம் குறைந்தால் விற்க மாட்டேன், புதுப் பணம் போடுவதைக் குறைப்பேன். சின்னப் பங்குகளில் ஆவரேஜ் பண்ணுவதை அடியோடு நிறுத்துவேன். அகலம் கூடினால் தைரியமாகப் போடுவேன்.

உச்சியில் இந்த அளவுக்கு இழுத்தடிக்கிற கருவி, அடிமட்டத்தில் நல்ல வேலை செய்கிறது. காரணம் யோசித்தால் புரியும். உச்சியில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளில் கிளம்புகிறார்கள். பயத்தில் எல்லாரும் ஒரே நாளில் விற்கிறார்கள். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610-ல் முடிந்தபோது நல்ல பங்கு, கெட்ட பங்கு என்ற பேதமே இல்லை, கிட்டத்தட்ட எல்லாமே 200 நாள் சராசரிக்கு (கடைசி 200 வர்த்தக நாள் விலைகளின் சராசரி) கீழே. விற்க இனி ஆள் இல்லாத நிலை. அங்கிருந்து திரும்பும்போது எத்தனை பங்கு சேர்ந்து திரும்புகிறது என்பதை மார்ட்டின் ஸ்வைக் என்ற அமெரிக்கர் ஒரு சூத்திரமாகவே வைத்தார். ஏறிய பங்குகளை, ஏறியது இறங்கியது இரண்டின் கூட்டலால் வகுத்து, அதற்கு 10 நாள் எக்ஸ்பொனென்ஷியல் சராசரி (அண்மை நாள்களுக்கு அதிக எடை தரும் சராசரி) எடுக்க வேண்டும். அது 0.40-க்குக் கீழே இருந்து பத்து வர்த்தக நாளுக்குள் 0.615-க்கு மேலே குதித்தால் அதற்கு பிரெட்த் த்ரஸ்ட் என்று பெயர். அடிக்கடி வராது. ஒரே ஒரு நாள் பத்துக்கு ஒன்பது பங்கு ஏறியதைப் பார்த்து த்ரஸ்ட் என்று சொல்லிவிடாதீர்கள். விலை இறங்கும் என்று முன்கூட்டியே விற்று ஷார்ட் போட்டவன் பதறிப்போய் வாங்கினாலும் அப்படித்தான் இருக்கும். பத்து நாள் சராசரி என்று அவர் வைத்ததே அதை வடிகட்டத்தான். 2020-ல் முதலில் மருந்துக் கம்பெனிகள் எழுந்தன, பிறகு ஐடி, அப்புறம் ஆட்டோ, மெட்டல், கடைசியில் ஸ்மால்கேப் என்று கை மாறிக் கை மாறிப் போனது. அந்த மாதிரி ஏற்றத்தில் தப்பான பங்கு வாங்குவதுதான் கஷ்டம்.

ஏற்றத்தின் பலத்தைப் பார்க்க ஏறும் நாள்களைவிட இறங்கும் நாள்களை உற்றுப் பாருங்கள் என்பேன். எனக்கு இதில்தான் அதிகம் பிடிபட்டிருக்கிறது. நிஃப்டி 150 புள்ளி விழுந்த நாளில் 500-ல் 280 இறங்கி 210 ஏறியிருந்தால் கவலையில்லை. நாலைந்து பெரிய பங்கில் லாபம் எடுத்திருக்கிறார்கள். நிஃப்டி 40 புள்ளிதான் விழுந்தது, ஆனால் 380 பங்கு சிவப்பு என்றால் அன்றைக்கு உள்ளே வேறு ஏதோ நடக்கிறது. இந்த இரண்டாவது வகை நாள் மாதத்தில் மூன்று நாலு வந்தால் என் நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போடுவேன்.

அட்வான்ஸ்-டிக்ளைனோடு நான் எழுதுவது இன்னும் இரண்டு. ஒன்று, 52 வார உச்சம் தொட்ட பங்குகள் எத்தனை, 52 வார அடிமட்டம் தொட்டவை எத்தனை. நிஃப்டி புது உச்சத்தில் இருக்கும்போது அடிமட்டப் பட்டியல் நீண்டுகொண்டே போனால் நல்லதில்லை. ஆனால் இதில் ஒரு கண்கட்டு உண்டு. பெரிய வீழ்ச்சி நடந்து ஒரு வருஷம் வரை 52 வார அடிமட்டம் தொடுவது கிட்டத்தட்ட முடியாத காரியம், ஏனென்றால் அந்த அடிமட்டம் அவ்வளவு கீழே கிடக்கும். 2020 கடைசியில் அடிமட்டப் பட்டியல் காலியாக இருந்ததைப் பார்த்து யாரும் மகிழ்ந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, வெள்ளிக்கிழமை மட்டும்: நிஃப்டி 500-ல் எத்தனை சதவீதம் தன் 200 நாள் சராசரிக்கு மேலே. சார்ட் செயலிகள் பலவற்றில் ஸ்கிரீனர் (பங்குகளை வடிகட்டும் வசதி) போட்டு எடுத்துவிடலாம். 60, 70-க்கு மேல் இருந்தால் ஆரோக்கியம். நிஃப்டி உச்சத்தில் இருந்தும் இது 50-க்குக் கீழே என்றால் ஏற்றம் ஒரு சிலர் தோளில்தான். இந்த எண்களெல்லாம் நான் பழகி வைத்துக்கொண்ட கோடுகள். சட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏன் நிஃப்டி 500 என்று கேட்பீர்கள். மும்பைப் பங்குச்சந்தையான பிஎஸ்இ-யின் மொத்தப் பட்டியலை எடுத்தால் ஆயிரக்கணக்கில் கம்பெனிகள். அதில் நாளைக்கு ஐம்பது பங்குகூடக் கைமாறாதவை, சர்க்யூட்டிலேயே (ஒரு நாளைக்கான விலை வரம்பிலேயே) மாட்டிக்கிடப்பவை, யாரோ நாலு பேர் ஏற்றி விளையாடுபவை எல்லாம் ஒரு தலைக்கு ஒரு ஓட்டு என்று சமமாக வந்துவிடும். நிஃப்டி 50 மட்டும் எடுத்தால் பெரியவர்கள் மட்டும். 500 என்பது சந்தை மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் அடக்கிவிடுகிறது, குப்பையும் குறைவு. வருஷத்துக்கு இரண்டு முறை ஆள் மாறும் என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். இன்றைய 500 பேரை வைத்துப் பத்து வருஷத்துக் கோடு போட்டால் அது ஜெயித்தவர்களை மட்டும் எண்ணிய கோடு, பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். மெக்லெல்லன் ஆசிலேட்டர் என்பது தினசரி ஏற்ற இறக்க வித்தியாசத்துக்கு 19 நாள், 39 நாள் சராசரி எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது. குறுகிய காலம் விளையாடுபவர்களுக்கு உதவும், எனக்கும் உங்களுக்கும் வேண்டாம். டிரின் என்கிற ஆர்ம்ஸ் இண்டெக்ஸ் வால்யூமையும் (கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை) சேர்த்துக் கணக்கிடும். யோசனை நல்லது, நம் சந்தையில் ஒரு சிக்கல். வோடஃபோன் ஐடியா மாதிரி சில ரூபாய்க்கு விற்கும் பங்கில் ஒரே நாளில் பல கோடிப் பங்கு கைமாறும். அது பச்சையா சிவப்பா என்பதே மொத்தக் கணக்கைத் திருப்பிவிடும். பங்கு எண்ணிக்கைக்குப் பதிலாக ரூபாய் மதிப்பில் போட்டால் கொஞ்சம் நியாயமாக வரும்.

நோட்டு எழுதுகிற பொறுமையெல்லாம் இல்லை என்றால் நிஃப்டி 50 ஈக்வல் வெயிட் என்று ஒரு குறியீடு இருக்கிறது. அதே ஐம்பது கம்பெனி, ஆளுக்கு 2 சதவீதம். காலாண்டுக்கு ஒருமுறை திரும்பச் சமமாக்குவார்கள். அதையும் சாதாரண நிஃப்டியையும் ஒரே சார்ட்டில் போட்டுப் பாருங்கள். சம எடைக்காரன் பின்தங்கினால் எடையுள்ளவர்கள்தான் இழுக்கிறார்கள் என்று அர்த்தம். ஐம்பதுக்குள் மட்டும்தான் இது பேசும். மணலி ரோட்டைப் பற்றி இதற்கு ஒன்றும் தெரியாது.

இப்போது உங்கள் எட்டு சிவப்புக்கு வருகிறேன். டீமேட்டில் சிவப்பு என்றால் நீங்கள் வாங்கிய விலைக்குக் கீழே இருக்கிறது என்று பொருள். நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று சந்தைக்குத் தெரியாது. அதனால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, பதினோரு பங்கையும் ஒவ்வொன்றாகச் சார்ட்டில் திறந்து 200 நாள் சராசரிக் கோட்டைப் போடுங்கள். எத்தனை மேலே இருக்கிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் அந்த வெள்ளிக்கிழமை நிஃப்டி 500-க்கு எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். 500-ல் 35 சதவீதம்தான் மேலே, உங்களிடமும் பதினொன்றுக்கு நாலு என்றால், உங்கள் பங்குகள் சந்தை போகிறபடிதான் போகின்றன. ஏற்றம்தான் ஒல்லி, புதுப் பணம் போட அவசரப்பட வேண்டாம். 500-ல் 65 சதவீதம் மேலே இருந்து உங்களிடம் மூன்றுதான் என்றால் நிஃப்டியைக் குறை சொல்ல வழியில்லை, கையில் இருக்கிற பங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். எண்ணிவிட்டு எத்தனை வந்தது என்று சொல்லுங்கள் தம்பி, அடுத்து அதைப் பேசுவோம்.